பில் மென்பொருளின் பதிப்பு எண்ணைக் கேட்டு வாங்குவோம்

1957 ஏப்ரல் 1-ல் நயா பைசா வந்தபோது, அணாவும் பைசாவும் சில காலம் ஒரே கல்லாவில் புழங்கின. பழைய காசும் செல்லுபடியானதால் வியாபாரம் நிற்கவில்லை. கணினித் துறையில் இதற்குப் பெயர் பழையதோடு பொருந்துதல். இன்று இது நம் பில் புத்தகத்துக்கே வந்துவிட்டது.

இ-இன்வாய்ஸையே எடுத்துக்கொள்வோம். 2017-18 முதல் ஏதேனும் ஒரு நிதியாண்டில் ரூ.5 கோடிக்கு மேல் விற்றுமுதல் கண்டவர்கள், ஜி.எஸ்.டி. பதிவு பெற்ற வியாபாரிகளுக்குப் போடும் பில்லை, 2023 ஆகஸ்ட் 1 முதல் அரசுத் தளத்தில் பதிந்து ஐ.ஆர்.என். எண் பெற வேண்டும். எண் இல்லாவிட்டால் அது சட்டப்படி பில்லே அல்ல. மொத்த வியாபாரி கோட்டை விட்டால், அவரிடம் சரக்கு எடுத்த சில்லறைக் கடைக்காரருக்கு உள்ளீட்டு வரி வரவில் தொல்லை.

நம் மென்பொருளும் அரசுத் தளமும் பேசிக்கொள்ளும் வழியே ஏ.பி.ஐ. எந்தக் கட்டத்தில் என்ன எழுதுவது என்பது முன்பே பேசி வைத்த ஏற்பாடு. அதற்கும் பதிப்பு எண் உண்டு.

மென்பொருள்களுக்கு 2.4.1 என்பதுபோல் மூன்று எண் இடுவது பரவலான வழக்கம். கடைசி எண் மாறினால் பிழை திருத்தம். நடு எண் கூடினால் புது வசதி; பழையதும் ஓடும். முதல் எண் மாறினால்தான் உஷார்! எல்லா நிறுவனங்களும் இந்த ஒழுங்கைக் கடைப்பிடிப்பதில்லை என்பது வேறு விஷயம்.

பழைய ஏற்பாட்டையும் புதியதையும் ஒப்பிட்டு, எந்தக் கட்டம் நீங்கியது, எது கட்டாயமானது என்று காட்டும் கருவிகள் உள்ளன. ஓ.ஏ.எஸ்.டிஃப் போன்றவை இலவசமாகவே கிடைக்கின்றன. ஆனால் அவை மட்டும் போதா. 2025 ஜூன் 1 முதல் அரசுத் தளம், பில் எண்ணில் சிறிய, பெரிய ஆங்கில எழுத்து வேறுபாட்டைப் பார்ப்பதில்லை. சிறிய எழுத்தில் ஒரு வரிசை, பெரிய எழுத்தில் ஒரு வரிசை என்று வைத்திருந்தால், இரண்டாவது பில் 'ஏற்கெனவே பதிவானது' என்று திரும்பிவிடும். கட்டம் எதுவும் மாறாததால் ஒப்பிடும் கருவிக்கு இது தெரியாது. மாதிரி பில் போட்டுப் பார்த்தால்தான் தெரியும். அதற்கென்றே அரசு சோதனைத் தளம் உண்டு.

ஆகவே பராமரிப்புக் கட்டணம் கட்டுமுன் மென்பொருள்காரரிடம் கேளுங்கள்: சோதனைத் தளத்தில் ஓட்டிப் பார்த்தீர்களா? பழைய பதிப்புக்குத் திரும்ப வழி உண்டா? மாதக் கடைசியில் புதுப் பதிப்பு ஏற்ற வந்தால், கணக்கை நகல் எடுத்துவிட்டு அடுத்த வாரம் வரச் சொல்லுங்கள்.