காற்றைப் பார்க்காமல் காற்றை அளப்பது

சிங்கப்பூரின் கிளமெண்டி வட்டார அடுக்குமாடிகளில், கம்புகளில் காயும் துணியைப் பார்த்தாலே தெரியும், இங்கே காற்றாலைக்கு வேலையில்லை. சிங்கப்பூரின் சராசரிக் காற்று வேகம் விநாடிக்கு 2 மீட்டர்தான். பெரிய காற்றாலைகளுக்கு 4.5 மீட்டருக்கு மேல் வேண்டும். ஆனாலும் காற்று மின்சாரம் வாங்கத் திட்டம் இருக்கிறது, வியட்நாம் கடலிலிருந்து. 1.2 கிகாவாட் இறக்குமதி செய்ய, 2023 அக்டோபரில் சிங்கப்பூரின் எரிசக்திச் சந்தை ஆணையம் செம்ப்கார்ப் நிறுவனத்துக்கு நிபந்தனையோடு ஒப்புதல் தந்தது. கடலடிக் கம்பி மட்டும் ஏறக்குறைய 1,000 கிலோமீட்டர்.

ஆளில்லாக் கடலில் எந்த இடத்தில் நல்ல காற்று வீசுகிறதென்று யார் போய்ப் பார்ப்பது? செயற்கைக்கோள் பார்க்கிறது. வேடிக்கை என்னவென்றால், அது காற்றைப் பார்ப்பதே இல்லை. நீரின் மேற்பரப்பைத்தான் பார்க்கிறது. சூடான தேநீரை ஊதினால் சிற்றலை ஓடுமே, கடலிலும் அப்படித்தான். செயற்கைக்கோள் அனுப்பும் ரேடார் அலையின் நீளம் சில சென்டிமீட்டர். ஏறக்குறைய அதே அளவுச் சிற்றலைகளில் பட்டால் அதில் ஒரு பங்கு வந்த வழியே திரும்பும். அசையாத நீரோ அதை எதிர்ப்பக்கம் தள்ளிவிடும். ஆகவே எதிரொலி பலமென்றால் காற்றும் பலம். ஒரே இடத்தைப் பல கோணங்களில் பார்த்தால் திசையும் பிடிபடும். இஸ்ரோவின் ஓசன்சாட்-2 (2009), ஸ்காட்சாட்-1 (2016) இரண்டும் இந்த ரேடார் கருவியைச் சுமந்து சென்றவை.

இக்கருவி கடலைச் சுமார் 25 கிலோமீட்டர் கட்டங்களாகத்தான் பார்க்கும். கரையோரத்தில் நிலத்தின் எதிரொலியும் கலந்து குழப்பும். அங்கே நுணுக்கமாகப் படமெடுக்கும் ரேடார் கைகொடுக்கிறது. 2023 ஏப்ரல் 22 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏறிய சிங்கப்பூரின் டெலியோஸ்-2 இந்த வகை ரேடாரைக் கொண்டதே. டென்மார்க்கின் ஹார்ன்ஸ் ரெவ் காற்றாலைகளைத் தாண்டிய காற்று, பல கிலோமீட்டர் தூரத்துக்குத் தளர்ந்து போவதை இத்தகைய படங்கள் காட்டிக்கொடுத்தன. பக்கத்தில் இன்னொரு காற்றாலைத் தொகுதி கட்ட நினைப்பவருக்கு அது காசு பெறும் செய்தி.

காற்றின் வேகம் இரட்டித்தால் அதிலுள்ள ஆற்றல் எட்டு மடங்காகும். வேகக் கணக்கில் 10 சதவீதம் பிசகினால் ஆற்றல் கணக்கு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பிசகும். செயற்கைக்கோள் சொல்வதோ நீருக்கு மேல் 10 மீட்டர் உயரக் காற்றை. இறக்கைகள் சுழல்வது 100 மீட்டருக்கும் மேலே. மேலும், செயற்கைக்கோள் தன் பாதை அங்கே வரும் நேரத்தில் மட்டுமே பார்க்கும். எனவே, லேசரால் காற்றை அளக்கும் மிதவையைக் கடலில் இறக்கி அளந்தே தீரவேண்டும்.

மிதவையை எங்கே இறக்குவது என்று சொல்வதுதான் செயற்கைக்கோளின் வேலை என்பேன். ஆனால் ஒன்றில் மிதவை அதனிடம் தோற்கும். நாசாவின் குயிக்ஸ்காட் 1999 முதல் 2009 வரை உலகக் கடல்களின் காற்றைப் பதிந்து வைத்திருக்கிறது. எந்த ஆண்டு காற்று வஞ்சித்தது என்பது அந்தப் பதிவில் உண்டு. ஓராண்டு மிதந்த மிதவைக்கு அது தெரியாது.