கோயில்காட்டில் சுள்ளி பொறுக்காதது ஏன்?

நாமக்கல் மாவட்டம் கொல்லிமலையில் உள்ள மலையாளிப் பழங்குடியினர் வழிவழியாகக் காத்துவரும் கோயில்காடுகளுக்குள் செருப்புக் காலோடு நுழைவதில்லை. மரத்தில் கத்தி படுவதில்லை. உதிர்ந்து கிடக்கும் சுள்ளியைக்கூட அடுப்புக்கு எடுப்பதில்லை. வேலி போட்டு யாரும் தடுக்கவில்லை. சாமி குடியிருக்கும் இடம் என்ற ஒட்டுறவுதான் காரணம்.

தகவல் போதுமா?

இயற்கையைக் காக்க வேண்டும் என்று எடுத்துச் சொன்னால் மக்கள் மாறுவார்கள் என்று நம்பித்தான் ஊருக்கு ஊர் விழிப்புணர்வுப் பலகை வைக்கிறோம். ஆனால், இயற்கையோடு மனிதரை நெருங்கவைப்பவை ஐந்து என்கிறது பிரிட்டனின் டெர்பி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017-இல் வெளியிட்ட ஆய்வு: புலன்களின் தொடர்பு, நெகிழ்ச்சி, பரிவு, அழகுணர்வு, வாழ்வோடு சேர்ந்த அர்த்தம். வெறும் தகவல் அறிவு இந்தப் பட்டியலில் இல்லை. பொங்கல் வைத்து நேர்த்திக்கடன் செலுத்தும் கோயில்காட்டில் இவை தனித்தனியாகக் கற்பிக்கப்படுவதில்லை, வாழ்க்கையோடு வந்துவிடுகின்றன.

பற்று மட்டும் போதுமா?

போதாது என்பதற்கும் கொல்லிமலையே சாட்சி. கோயில்காட்டைக் காத்த அதே மக்கள் சாமையும் தினையும் கேழ்வரகும் விளைவித்த நிலங்களில் மரவள்ளி பரவியது. சமவெளியின் ஜவ்வரிசி ஆலைகள் கிழங்கை வாங்கிக்கொண்டதால் கையில் காசு புரண்டது. சாமைக்கோ விலை குறைவு, வேலை அதிகம். உமி போக உரலில் இட்டு உலக்கையால் குத்திப் புடைக்க வேண்டும். அந்தப் பாடெல்லாம் பெண்கள் தலையில்தான்.

1990-களில் இங்கு பணி தொடங்கிய எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் சிறுதானியத்தின் பெருமையைப் பேசியதோடு நிற்கவில்லை. உமி நீக்கும் சிறு இயந்திரங்கள் மலைக்கு வந்தன. சமுதாய விதை வங்கியில் விதை வாங்கியவர், அறுவடை முடிந்ததும் கூடுதலாக அளந்து திருப்பித் தர வேண்டும் என்ற ஏற்பாடு வந்தது. சாமை அரிசியையும் மாவையும் மகளிர் குழுக்கள் விற்பனைக்குக் கொண்டுபோயின.

நமக்கு என்ன பாடம்?

தமிழக அரசு 2021-இல் தொடங்கிய ‘மீண்டும் மஞ்சப்பை’ திட்டமும் இதே வழியில் போனது. கல்யாண வீட்டுத் தாம்பூலப் பையின் மீதுள்ள பிரியத்தைத் தொட்டது ஒரு பாதி. 10 ரூபாய் போட்டால் துணிப்பை தரும் இயந்திரத்தைச் சந்தையிலேயே வைத்தது மறுபாதி. குழந்தைகளுக்கு மண்ணையும் விதையையும் பழக்க வேண்டும், சரிதான். அந்தப் பற்றின்படி நடப்பவருக்கு முதுகு ஒடியாமலும் கை நட்டப்படாமலும் பார்த்துக்கொள்வது அரசின் வேலை, சந்தையின் வேலை.