பழைய நெகட்டிவை ஸ்கேன் செய்கிறீர்களா?

என் பெற்றோரின் திருமண நெகட்டிவை ஸ்கேன் செய்தேன். முகங்களெல்லாம் சிதைந்து வந்தன! காரணம், அக்காலத்தில் ஃபிலிம் கழுவிய டெவலப்பர் விட்டுச்சென்ற வெள்ளி.

குடியாத்தம் பகுதியில் தோல் பதனிடப் பயன்பட்ட கடுக்காயில் காலிக் அமிலம் உண்டு. 1841-ல் இங்கிலாந்தின் டால்பாட் இந்த அமிலம் கலந்த கரைசலால்தான் படங்களை டெவலப் செய்தார். பிறகு ஹைட்ரோகுயினோன் (1880), மெட்டால் (1891) வந்தன. இவை ஃபிலிமில் ஒளி பட்ட வெள்ளி உப்பை உலோக வெள்ளியாக மாற்றும். நெகட்டிவில் தெரியும் கருமை அதுதான்.

சில ஃபிலிம் ஸ்கேனர்கள் தூசியைக் கண்டறிய அகச்சிவப்புக் கதிரைப் பயன்படுத்துகின்றன. வெள்ளி அக்கதிரைத் தடுப்பதால், சாஃப்ட்வேர் படத்தையே தூசி என்று கருதி அழித்துவிடுகிறது. எனவே, பழைய கறுப்பு வெள்ளை நெகட்டிவ் என்றால், தூசி நீக்கும் ஆப்ஷனில் உள்ள டிக் அடையாளத்தை எடுத்துவிடுங்கள். நான் எடுத்ததும் அம்மாவின் முகம் பளிச்சென்று வந்தது!