கடல் கடக்கும் வாழைக்குத் தனி ரயில்

ஆந்திர மாநிலம் அனந்தப்பூர் மாவட்டம் வறட்சிக்குப் பெயர் போனது. அங்கு ஆண்டு மழை சராசரியாக 550 மில்லிமீட்டர் அளவுதான். நிலக்கடலையை நம்பியிருந்த அந்தப் பூமியில், ஆழ்குழாய்க் கிணறும் சொட்டுநீர்ப் பாசனமும் பரவிய பிறகு வாழை காலூன்றியது. 2020-ம் ஆண்டு ஜனவரி 30-ந் தேதி அம்மாவட்டத்தின் தாடிபத்திரி ரயில் நிலையத்திலிருந்து ஒரு கூட்ஸ் ரயில் புறப்பட்டது. அதில் இருந்தவை 43 குளிர்பதன கன்டெய்னர்கள். அத்தனையிலும் பச்சை வாழைக்காய். 900 கிலோமீட்டருக்கு மேல் ஓடி அந்த ரயில் போய்ச் சேர வேண்டிய இடம், மும்பைக்கு எதிர்க்கரையில் உள்ள நவசேவா துறைமுகம். அங்கிருந்து ஈரானுக்குக் கப்பலில் அனுப்புவதற்காக அந்தக் காய் வெட்டப்பட்டது.

இதைக் கேட்கும் எந்த வாழை விவசாயிக்கும் "நம் ஊருக்கும் இப்படி ஒரு ரயில் வந்தால் என்ன?" என்று தோன்றும். நியாயமான ஆசைதான். ஆனால் ரயில் கேட்டு மனுப் போடுவதற்கு முன், அந்த ரயில் எப்படி நிரம்புகிறது, எந்த ஊருக்கு அது கட்டுபடியாகும் என்பதைத் தெரிந்து கொள்வது நல்லது.

பருத்தி மூட்டையில் பிறந்த யோசனை

கன்டெய்னர் என்பது இரும்பில் செய்த பெரிய பெட்டகம். 20 அடி நீளம், 40 அடி நீளம் என்று இரண்டு அளவுகளே பெரும்பாலும் புழக்கத்தில் உள்ளன. அகலம் 8 அடி. உலகில் எந்தத் துறைமுகத்துக்குப் போனாலும் இதே அளவுதான். அதனால் எந்த நாட்டுக் கிரேனும் அதைத் தூக்கும். எந்த நாட்டு லாரியும் ரயிலும் அதைச் சுமக்கும்.

இதை நடைமுறைக்குக் கொண்டு வந்தவர் மால்கம் மக்லீன் என்ற அமெரிக்கர். விவசாயக் குடும்பத்தில் பிறந்து லாரித் தொழிலுக்கு வந்தவர். 1937-ல் பருத்திப் பேல்களைத் துறைமுகத்துக்கு ஓட்டிச் சென்று, ஒவ்வொரு பேலாக இறக்கிக் கப்பலில் ஏற்றும் வரை நாள் முழுவதும் காத்துக் கிடந்தபோது, "லாரியின் பெட்டியையே அப்படியே கப்பலில் வைத்தால் என்ன?" என்று அவருக்குத் தோன்றியதாகச் சொல்வார்கள். 1956-ம் ஆண்டு ஏப்ரல் 26-ந் தேதி அவருடைய கப்பல் 58 பெட்டகங்களுடன் நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்குப் புறப்பட்டது. கன்டெய்னர் யுகம் அன்று தொடங்கியது.

நம் நாட்டில் 1973-ல் கொச்சித் துறைமுகத்துக்கு முதல் கன்டெய்னர் கப்பல் வந்தது. 1981-ல் பெங்களூரில் முதல் உள்நாட்டு கன்டெய்னர் கிடங்கு திறக்கப்பட்டது. இந்தக் கிடங்குகளை நடத்தவும் கன்டெய்னர் ரயில் விடவும் ரயில்வேயின் கீழ் 1988-ல் கன்டெய்னர் கார்ப்பரேஷன் என்ற நிறுவனம் அமைக்கப்பட்டு, அடுத்த ஆண்டு வேலையைத் தொடங்கியது. 2006 முதல் தனியாரும் உரிமம் பெற்று கன்டெய்னர் ரயில்களை ஓட்ட அனுமதிக்கப்பட்டனர்.

கரையில்லா ஊரில் துறைமுகம்

உள்நாட்டுக் கிடங்கை "உலர் துறைமுகம்" என்றும் அழைப்பார்கள். தண்ணீர் இல்லையே தவிர, துறைமுகத்தில் நடக்கும் காகித வேலைகள் பெரும்பாலும் இங்கேயே முடிந்து விடும். சுங்க அதிகாரிகள் இங்கேயே சரக்கைச் சோதித்துக் கன்டெய்னருக்கு சீல் வைத்து விடுவார்கள். பிறகு அந்தக் கதவு வெளிநாட்டில்தான் திறக்கும். கோவையை அடுத்த இருகூரில் இத்தகைய கிடங்கு இருப்பதைப் பலரும் அறிவார்கள்.

ரயிலில் கன்டெய்னரை ஏற்றுவது எளிது. வேகனுக்குப் பக்கச்சுவரோ கூரையோ கிடையாது; வெறும் தட்டு. கிரேன் கன்டெய்னரைத் தூக்கி வைத்ததும் நான்கு மூலையிலும் உள்ள பூட்டுகள் அதைப் பிடித்துக் கொள்ளும். ஒரு முழு ரயிலில் 45 வேகன்கள் வரை இருக்கும். வேகனுக்கு இரண்டு வீதம் 90 இருபது அடி கன்டெய்னர்களை ஏற்றலாம். நாற்பது அடிப் பெட்டகமானால் வேகனுக்கு ஒன்று. உள்ளே இருக்கும் சரக்கை வழியில் யாரும் தொடுவதில்லை.

பழத்துக்கு இது பெரிய நன்மை. மூட்டையாகவோ கூடையாகவோ அனுப்பும்போது தோட்டத்தில் ஒரு முறை, நிலையத்தில் ஒரு முறை, துறைமுகத்தில் ஒரு முறை என்று எத்தனை கை மாறுகிறதோ அத்தனை அடி படுகிறது. வாழைக்காயில் பட்ட அடி அன்று தெரியாது. பழுக்கும்போது கறுப்பாகத் தெரியும். அப்போது வாங்கியவர் விலையைக் குறைப்பார்.

குளிர் அறுந்தால் எல்லாம் போச்சு

ஏற்றுமதி வாழையை 13 டிகிரி செல்சியஸ் அளவில் வைக்க வேண்டும். அதற்குக் கீழே போனால் தோல் சாம்பல் நிறமாகி, காய் சரியாகப் பழுக்காது. மேலே போனால் வழியிலேயே பழுக்கத் தொடங்கும். ஒரு பெட்டியில் பழுத்தால் அதிலிருந்து வெளிப்படும் எத்திலீன் வாயு பக்கத்துப் பெட்டிகளையும் பழுக்க வைத்து விடும். குளிர் தவறாமல் இருந்தால் பச்சைக்காய் மூன்று, நான்கு வாரம் தாங்கும்.

குளிர்பதன கன்டெய்னரின் ஒரு முனையில் குளிரூட்டும் இயந்திரம் உண்டு. கப்பலிலும் துறைமுகத்திலும் அதற்கு மின்சாரம் கொடுப்பார்கள். ரயில் தட்டில் மின்சாரம் கிடையாது. ஆகவே டீசல் ஜெனரேட்டரையும் ரயிலிலேயே ஏற்றி, கேபிள் மூலம் கன்டெய்னர்களுக்கு மின்சாரம் கொடுக்க வேண்டும். அல்லது கன்டெய்னரோடு சிறு ஜெனரேட்டரை மாட்டி அனுப்ப வேண்டும். வழியில் எங்காவது நின்று போனால் ஒரு லாரியின் சரக்கு மட்டும் அல்ல, பலருடைய ஒரு வருட உழைப்பு சேர்ந்து போகும்.

இன்னொன்றையும் மனத்தில் கொள்ள வேண்டும். இந்த இயந்திரம் இருக்கும் குளிரைக் காப்பதற்காகவே செய்யப்பட்டது. வெயில் சூட்டோடு வரும் காயை வேகமாக ஆற வைக்க அதற்குச் சக்தி போதாது. வெட்டிய காயைச் சிப்பம் கட்டும் இடத்திலேயே முன்குளிர் அறையில் வைத்து, வயல் சூட்டைப் போக்கிய பிறகே ஏற்ற வேண்டும். முன்குளிர் அறை இல்லாத ஊருக்கு ரயில் வந்தும் பயனில்லை.

ஒரு ரயிலுக்கு எத்தனை ஏக்கர்?

தாடிபத்திரி ரயிலை வைத்தே ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 40 அடி குளிர்பதன கன்டெய்னரில் 13 கிலோ அட்டைப் பெட்டிகள் சுமார் 1500 அடங்கும். அதாவது ஏறத்தாழ 20 டன். 43 கன்டெய்னருக்கு 64,500 பெட்டிகள்.

ஜி-9 எனப்படும் கிராண்ட் நைன் ரகத்தை 6 அடிக்கு 6 அடி நட்டால் ஏக்கருக்குச் சுமார் 1200 வாழை நிற்கும். தார் 25 கிலோ என்று வைத்தால் 30 டன். அதில் மூன்றில் இரண்டு பங்கு ஏற்றுமதித் தரம் தேறினால் 20 டன். ஆக, ஒரு ஏக்கருக்கு ஒரு கன்டெய்னர். 43 ஏக்கர் போதும் போலத் தோன்றும்.

அங்கேதான் சிக்கல் இருக்கிறது. ஒரு தோட்டத்துத் தார்கள் எல்லாம் ஒரே நாளில் வெட்டுக்கு வருவதில்லை. திசு வளர்ப்புக் கன்று நட்டாலும், நன்றாகப் பராமரித்தாலும், வெட்டு ஒரு மாதம் நீடிக்கும் என்று வைத்துக் கொள்ளுங்கள். ரயிலுக்கான காயை மூன்று நாட்களுக்குள் வெட்டிச் சேர்க்க வேண்டும் என்றால், ஒவ்வொரு ஏக்கரிலிருந்தும் பத்தில் ஒரு பங்குதான் கிடைக்கும். அப்படியானால் அதே பருவத்தில் வெட்டுக்கு நிற்கும் 430 ஏக்கர் வாழை வேண்டும்.

ஆள் கணக்கையும் பாருங்கள். மூன்று நாளில் 64,500 பெட்டி என்றால் நாளொன்றுக்கு 21,500 பெட்டி. ஒரு சிப்பக் கூடத்தில் நாளுக்கு 2000 பெட்டி கட்டினாலும் பதினொரு கூடங்கள் ஒரே சமயத்தில் வேலை செய்ய வேண்டும். தார் முக்கால் பங்கு முற்றிய நிலையில் வெட்டுவது, தரையில் வைக்காமல் தூக்கி வருவது, சீப்புப் பிரிப்பது, பால் கறை போகக் கழுவுவது, துடைத்து அடுக்குவது என்று ஒவ்வொன்றுக்கும் பழகிய கைகள் வேண்டும்.

இவை கணக்குக்காகச் சொன்ன எண்கள். ஊருக்கு ஊர் மாறும். ஆனால் கணக்குப் போடும் முறை மாறாது. தனி ஒரு விவசாயி, எவ்வளவு பெரிய பண்ணைக்காரராக இருந்தாலும், ஒரு ரயிலை நிரப்ப முடியாது. நட்ட தேதியைக் கூட்டாகத் தீர்மானித்த ஒரு வட்டாரத்தால்தான் முடியும்.

பக்கத்துத் துறைமுகத்தை விட்டு ஏன் மும்பை?

தாடிபத்திரி, சென்னை - மும்பை ரயில் பாதையில் உள்ளது. சென்னை அங்கிருந்து 400 கிலோமீட்டருக்கும் குறைவு. அப்படியிருக்க, இரண்டு மடங்குக்கு மேல் தூரம் உள்ள நவசேவாவுக்கு ஏன் போனார்கள்?

காரணம் கப்பல். சென்னையிலிருந்து மேற்கே போகும் பெரிய கப்பல் பாக் நீரிணை வழியாகப் போக முடியாது. அங்கு ஆழம் போதாது. இலங்கையைச் சுற்றித்தான் போக வேண்டும். பல சரக்குகள் கொழும்பில் இறங்கி வேறு கப்பல் ஏறவும் நேரும். மேற்குக் கரையிலிருந்து வளைகுடா நாடுகள் அருகில்; கப்பல்களும் அதிகம். கரையில் மிச்சப்படும் ஒரு நாளைக் கடலில் பல நாளாக இழப்பதில் லாபம் இல்லை. ஆகவே அருகில் உள்ள துறைமுகம் எது என்று கேட்பதை விட, நம் சரக்கு போகும் நாட்டுக்கு எந்தத் துறைமுகத்திலிருந்து நேர்க்கப்பல் போகிறது என்று கேட்பதே சரி.

அந்தத் தூரத்துக்கு ரயில் ஏற்றது. 43 கன்டெய்னருக்கு 43 டிரெய்லர் லாரிகளும் 43 ஓட்டுநர்களும் தேவைப்படும் இடத்தில் ஒரே இன்ஜின் இழுத்துச் செல்கிறது. பஞ்சாப், ஹரியானா பாசுமதி அரிசி ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள குஜராத் துறைமுகங்களுக்கு ரயிலில் போவதும் இந்தக் காரணத்தால்தான். வடக்கே சில பாதைகளில் இப்போது ஒரு கன்டெய்னர் மேல் இன்னொன்றை வைத்தே ஓட்டுகிறார்கள். மேற்குச் சரக்குப் பாதையில் இதற்காகவே மின்கம்பியை வழக்கத்தை விட உயரத்தில் கட்டியிருக்கிறார்கள். ஒரே ரயிலில் இரட்டைச் சரக்கு போவதால் செலவும் குறைகிறது.

நம் பக்கத்து நிலை

தேனி, திருச்சி, தூத்துக்குடி வாழைக்கு இதே கணக்கைப் பொருத்திப் பாருங்கள். தேனியிலிருந்து கொச்சிக்கோ தூத்துக்குடிக்கோ லாரி ஒரே இரவில் போய் விடும். தோட்டத்திலிருந்து நிலையத்துக்கு ஒரு லாரி, அங்கே ஒரு கிரேன், துறைமுகத்தில் இன்னொரு கிரேன் என்று ரயிலுக்கு இரு முனையிலும் செலவு உண்டு. நீண்ட தூரத்தில் அந்தச் செலவு பரவிக் கரைந்து விடும். 200 கிலோமீட்டர் தூரத்தில் அது கரையாது; லாரியே மலிவு.

மதுரை - தேனி அகலப்பாதை 2022-ல் திறக்கப்பட்டது மகிழ்ச்சிக்குரியதே. ஆனால் பாதை வந்ததாலேயே வாழை ரயில் லாபமாகி விடாது. நேர்க்கப்பல் வேண்டி மும்பை அல்லது குஜராத் துறைமுகத்துக்குச் சரக்கு போக வேண்டியிருந்தால்தான் நமக்கு ரயில் கணக்குக்கு வரும்.

காலி கன்டெய்னர் செலவையும் மறக்கக் கூடாது. குளிர்பதன கன்டெய்னரில் நம் உள்ளூருக்கு வரும் இறக்குமதி குறைவு. எனவே பெட்டகம் காலியாக வந்து நிறைந்து திரும்புகிறது. வரும் கூலியும் நம் தலையில்தான். குறித்த நாளுக்குள் திருப்பாவிட்டால் கப்பல் கம்பெனி தாமதக் கட்டணம் போடும்.

ரயில் கேட்பதற்கு முன்

ஏற்றுமதியில் ஈடுபட விரும்பும் விவசாயிகள் கீழ்க்கண்டவற்றை முதலில் சரிபார்த்துக் கொள்வது நல்லது.

1. நம் காய் எந்த நாட்டுக்குப் போகிறது? அங்கு எந்தத் துறைமுகத்திலிருந்து நேர்க்கப்பல் உண்டு?

2. அந்தத் துறைமுகம் எவ்வளவு தூரம்? ஓரிரவு தூரமென்றால் லாரியில் செல்லும் குளிர்பதன கன்டெய்னரே போதும்.

3. வட்டாரத்தில் ஒரே பருவத்தில் வெட்டுக்கு வரும் வாழை எத்தனை ஏக்கர்? உழவர் உற்பத்தியாளர் குழு மூலம் நடவுத் தேதியை வகுத்துக் கொண்டார்களா?

4. சிப்பக் கூடமும் முன்குளிர் அறையும் தோட்டத்துக்கு அருகில் உள்ளனவா? பயிர்நலச் சான்றுக்கு யாரிடம் போவது என்று தெரியுமா?

5. காய் வழியில் கெட்டால் நஷ்டம் யாருடையது? ஏற்றுமதியாளருடன் செய்யும் ஒப்பந்தத்தில் இது எழுத்தில் இருக்க வேண்டும். தோட்டத்தில் எடை போட்டதும் பணமா, அக்கரையில் காய் இறங்கிய பிறகு பணமா என்பதையும் வெட்டுக்கு முன்பே பேசி முடிக்க வேண்டும்.

இந்த ஐந்தில் மூன்றாவதையும் நான்காவதையும் இன்றே தொடங்கலாம். அதற்கு ரயில்வேயின் உத்தரவு தேவையில்லை. பத்துப் பேர் சேர்ந்து ஒரே வாரத்தில் கன்று நட்டு, ஒரு லாரி கன்டெய்னரை ஒழுங்காக நிரப்பிப் பழகட்டும். ஒரு கன்டெய்னரை நாள் தவறாமல் நிரப்பத் தெரிந்த வட்டாரம் நாளை நாற்பதை நிரப்பும். அப்போது ரயில் கேட்டுப் போனால், எத்தனை பெட்டி, எந்தத் தேதி என்று கையில் கணக்கோடு பேசலாம்.