குரூப் புராஜெக்ட்டில் உழைத்தது யார்? விக்கி காட்டிக்கொடுக்கும்!

எம்.பி.ஏ. படித்த யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். ராத்திரி கண்விழித்து ரிப்போர்ட்டை முடிப்பது ஒருவர். பிரசன்டேஷன் அன்று கோட் போட்டுக்கொண்டு வந்து நிற்பது ஐந்து பேர். மார்க் எல்லாருக்கும் ஒன்றே. ‘சார், நான்தான் எல்லாம் செஞ்சேன்’ என்று சொன்னாலும் ஆதாரம் வேண்டுமே?

அந்த ஆதாரத்தைத் தருவது விக்கி. பலர் சேர்ந்து எழுதி, ஒருவர் எழுதியதை இன்னொருவர் திருத்தக்கூடிய இணையப் பக்கம்தான் விக்கி. விக்கிப்பீடியா வந்தது 2001-ல். அதற்கு முன்பே, 1995-ல், அமெரிக்க புரோகிராமர் வார்டு கன்னிங்ஹாம் முதல் விக்கியைத் தொடங்கிவிட்டார். பெயர், ஹொனலுலு ஏர்போர்ட்டில் ஓடிய ‘விக்கி விக்கி’ பஸ்ஸிலிருந்து எடுத்தது. ஹவாய் மொழியில் ‘சீக்கிரம்’ என்று பொருள். இன்று பல கல்லூரிகளில் இருக்கும் மூடுல் மென்பொருளிலேயே, வகுப்புக்குள் மட்டும் தெரிகிற மாதிரி விக்கி தொடங்கலாம்.

முக்கியமான இடம் ‘வரலாறு’ பக்கம். யார், எந்த நேரத்தில், எந்த வரியை மாற்றினார் என்பது அதில் பதிவாகிவிடும். உதாரணத்துக்கு, ஒரு காபித்தூள் கடையை ஆன்லைனுக்குக் கொண்டுபோகும் திட்டம். ஒருவர் விலை போடுகிறார். ‘டெலிவரி செலவைச் சேர்க்கலியே’ என்று இன்னொருவர் மாற்றுகிறார். லாபக் கணக்கே தலைகீழாகிறது. கடைசி ரிப்போர்ட்டில் இந்த விவாதம் தெரியாது, வரலாற்றில் தெரியும். ஆசிரியர் மார்க் போட வேண்டியதும் இதற்குத்தான்.

ஆனால் திருத்தங்களின் எண்ணிக்கையைப் பார்த்து மார்க் போட்டால் கதை கந்தல். ஐம்பது கமா போட்டவர் முன்னணியில் நிற்பார். யோசித்து ஒரே பத்தி எழுதியவர் பின்னால் போய்விடுவார். வாட்ஸ்அப்பில் பேசி முடித்து, ஒருவரே எல்லாவற்றையும் பேஸ்ட் செய்தாலும் வரலாறு ஏமாற்றும். நம் ஊர் நட்பும் ஒரு தடை. ‘அவன் எழுதினதை நான் எப்படி அழிக்கிறது?’ என்ற தயக்கம். அதனால் அடுத்தவர் பத்தியைக் காரணம் சொல்லித் திருத்துவதையே முதல் வேலையாகக் கொடுப்பது நல்லது.

வகுப்பைப் பொது விக்கிக்கு நேராக அனுப்புவதில் இன்னொரு சிக்கல். 2011-ல் புனே கல்லூரிகள் சிலவற்றின் பொருளாதார, இன்ஜினீயரிங் மாணவர்கள் பாடத்தின் பகுதியாக ஆங்கில விக்கிப்பீடியாவில் எழுதினார்கள். பலர் புத்தகங்களிலிருந்தும் இணையதளங்களிலிருந்தும் அப்படியே காப்பி அடித்தார்கள். தன்னார்வலர்கள் தேடித்தேடி நீக்க வேண்டிவந்தது. அந்த ஆண்டே திட்டம் நிறுத்தப்பட்டது. யார் எந்த வரியை ஒட்டினார்கள் என்று கண்டுபிடிக்க அப்போதும் உதவியது அதே வரலாறு பக்கம்தான்.