புதிதாக வந்த நாயும் வீட்டுக் குழந்தைகளும்

தெருவில் அலைந்த நாயொன்றை இரக்கத்தினால் வீட்டுக்குக் கொண்டுவருவோர் பலர். அந்த நாய்க்கோ வீடும் புதிது, வீட்டாரும் புதியவர். குழந்தைகளின் கூச்சலும் ஓட்டமும் அதற்கு அச்சமூட்டுவன. ஆதலின், முதலில் மிருக வைத்தியரிடம் காட்டி விசர்நோய்த் தடுப்பூசி போடுவித்தல் வேண்டும். பின்னர் விறாந்தையின் ஒரு மூலையிற் சாக்கு விரித்து, அதற்கென ஓரிடம் ஒதுக்குதல் நன்று. குழந்தைகள் அங்கே செல்லலாகாது. நாய் உண்ணும்போதும் உறங்கும்போதும் அதனைத் தொடலாகாது. பெரியவர் ஒருவர் அருகில் இல்லாதபோது நாயையும் குழந்தையையும் ஒருங்கே விடலாகாது.

நாய் முகத்தைத் திருப்புவதும், உதட்டை நக்குவதும், உடல் விறைத்து நிற்பதும் அதன் அச்சத்தின் அறிகுறிகள். இவற்றை எவரும் கவனியாதபோது அது உறுமுகிறது. உறுமிய நாயை அடிப்பது பெருந்தவறு. அடிவாங்கிய நாய் உறுமலை விடும், அச்சத்தை விடாது. அடுத்த முறை எச்சரியாமலே கடிக்கவும் கூடும். உறுமல் கேட்டதும் குழந்தையை மெல்ல அப்பால் அழைத்துச் செல்வதே அறிவுடைமை.

தப்பித்தவறிக் கடித்துவிட்டால், காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, உடனே வைத்தியசாலைக்குச் செல்லுதல் வேண்டும். சிறு கீறலென்று இருந்துவிடலாகாது. விசர்நோயின் அறிகுறி தோன்றியபின் உயிர் பிழைத்தல் மிக அரிது.

பெரியோர் சில வாரம் இவ்வாறு பொறுமையுடன் கண்காணிப்பின், நாயும் குழந்தையும் ஒன்றையொன்று அறிந்து அச்சமின்றி வாழும்.