ஜெர்ஸியில் வரும் காசும் மைதானத்தில் வரும் காசும்

1976 ஜனவரியில் இங்கிலாந்தின் கெட்டரிங் டவுன் என்ற சிறிய கால்பந்து கிளப், பாத் சிட்டியுடன் மோத இறங்கியபோது வீரர்களின் ஜெர்ஸியில் 'கெட்டரிங் டயர்ஸ்' என்று எழுதியிருந்தது. உள்ளூர் டயர் நிறுவனத்தின் விளம்பரம். பிரிட்டனில் ஒரு கிளப் ஜெர்ஸியில் விளம்பரத்தோடு ஆடியது அதுவே முதல் முறை. கால்பந்துச் சங்கம் உடனே அழிக்கச் சொன்னது. கிளப்பை நடத்திவந்த டெரிக் டூகன் ஆங்கில 'டி' எழுத்தை மட்டும் விட்டுவைத்து, அது 'டவுன்' என்பதைக் குறிக்கிறது என்றார். அபராத மிரட்டல் வந்தபிறகு அதுவும் போனது. ஆனால் 1977-லேயே சங்கம் இறங்கிவந்து விளம்பரத்தை அனுமதித்தது.

இன்று சிறிய கிளப்புகள் ஆட்டத்துக்கான பந்து, மைதானத்தைச் சுற்றியுள்ள தட்டிகள், ஒவ்வொரு வீரரின் சீருடை என எல்லாவற்றுக்கும் ஸ்பான்சர் பிடிக்கின்றன. கொடுப்பவர்கள் பெரும்பாலும் ஊர்க் கடைக்காரர்கள்தான். வியாபாரம் படுத்தால் அந்தக் காசும் நின்றுவிடும்.

நிலைத்த வருமானம் சொந்த மைதானத்தில்தான் இருக்கிறது. டிக்கெட், தேநீர்க் கடை, மதுக்கூடம், விசேஷங்களுக்கு விடும் கூடம் எல்லாமே அதைச் சார்ந்தவை. மெய்ட்ஸ்டோன் யுனைடெட் என்ற கிளப் 1988-இல் தன் மைதானத்தை விற்றது. அடுத்த ஆண்டே தொழில்முறை லீக்குக்கு முன்னேறியும், 1992-இல் நொடித்து வெளியேறியது. விளம்பரத்துக்கு வழிகாட்டிய கெட்டரிங்கும் 2011-இல் தன் குத்தகை மைதானத்தை விட்டுப் போக நேர்ந்தது.

மீண்டெழுந்த மெய்ட்ஸ்டோன் 2012-இல் சொந்த ஊரில் புது மைதானம் கட்டியது. அங்கே செயற்கைப் புல் விரித்ததுதான் கெட்டிக்காரத்தனம். இயற்கைப் புல் குளிர்கால மழையில் வாரத்துக்கு ஓரிரு ஆட்டங்களுக்கு மேல் தாங்காது. சேறானால் ஆட்டம் ரத்து, டிக்கெட் காசும் இல்லை. மணலும் ரப்பர்த் துகளும் நிரப்பிய செயற்கைப் புல்லில் காலை முதல் இரவு வரை ஆடலாம். பள்ளிகள், சிறுவர் அணிகள், அலுவலகக் குழுக்கள் என மணிக்கணக்கில் வாடகைக்கு விடலாம். முதல் அணி ஆடாத நாளிலும் கல்லா நிறையும்.

தொழில்முறை லீக்கிலோ இயற்கைப் புல் கட்டாயம். 2021-இல் அங்கே முன்னேறிய சட்டன் யுனைடெட், வாடகை ஈட்டித்தந்த செயற்கைப் புல்லைப் பெயர்த்தெடுக்க வேண்டியிருந்தது. வென்ற கிளப்பின் வருமானத்தையே பறிக்கும் இந்த விதியை, கீழ்மட்டப் பிரிவுகளுக்காவது தளர்த்த வேண்டும்.